ரேட்டிங்குக்குத் தராசு கிடையாது

சாஃப்ட்வேர் வேலைக்குக் கிளம்பும் பிள்ளையிடம் கோவைக்குப் பக்கத்தில் இருக்கும் கொழிஞ்சாம்பாறையிலும் சரி, தேயிலை மலையான மூணாறிலும் சரி, வீட்டில் சொல்லி அனுப்புவது ஒன்றுதான்: ஒழுங்காக வேலை பார், கம்பெனி உன்னைப் பார்த்துக்கொள்ளும். மூணாறு எஸ்டேட்டில் அந்தப் புத்திமதிக்கு ஒரு நியாயம் உண்டு. வீடு, ஆஸ்பத்திரி எல்லாம் நிர்வாகத்தின் பொறுப்பு என்று 1951-ம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. அது எந்த லட்சணத்தில் நடந்தது என்பது வேறு கதை. சாஃப்ட்வேரில் அப்படி ஒரு பேச்சே கிடையாது, சம்பளம்தான் எல்லாம். அந்தச் சம்பளத்தின் ஏற்ற இறக்கமும் உங்கள் உழைப்பை மட்டும் பார்த்து வருவதில்லை. ஆகவே, வேலையை விட்டு வரும்போது கையோடு எடுத்துவர முடிந்ததை மட்டும் உங்களுடையதாகக் கணக்கு வையுங்கள் என்பதே இந்தத் துறையில் இருந்து நான் தெரிந்துகொண்டது.

கொழுந்து எடுப்பவருக்குத் தராசு இருக்கிறது. 2015-ல் மூணாறுப் பெண்கள் போராட்டத்தில் இறங்கியபோது தினக்கூலி 232 ரூபாய். அதற்கு 21 கிலோ எடுக்க வேண்டும், அதற்கு மேல் எடுத்தால் தனிக் காசு. போராடித்தான் கூலியை 301 ஆக்கினார்கள். எடை போடும்போது கழிவு பிடிக்கிறார்கள் என்று தகராறு வரலாம், ஆனாலும் முள் கண் முன்னால்தான் ஆடும். அப்ரைசலில் அந்த முள் இல்லை. டீமில் இத்தனை பேருக்குத்தான் மேல் ரேட்டிங் என்று பல இடங்களில் முன்கூட்டியே ஒதுக்கிவிடுவார்கள். நீங்கள் நன்றாகச் செய்திருந்தும் இடம் நிரம்பியிருக்கும். எங்கோ ஒரு கிளையன்ட் பட்ஜெட்டைச் சுருக்கினால் இங்கே ப்ராஜெக்ட் முடிந்து, வேலை ஒதுக்கப்படாமல் பெஞ்சுக்கு வருவீர்கள். சீனியர் ஆகிவிட்டால் பயமில்லை என்பார்கள். 2025 ஜூலையில் டிசிஎஸ் சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தபோது, அதில் பெரும்பாலோர் நடுத்தர, மேல்மட்ட ஊழியர்கள் என்றே சொன்னது.

அதனால் ஆஃபர் லெட்டரை வாங்கியதும் அதில் எழுதியிருக்கும் மொத்தத் தொகையான சிடிசியை முதலில் பிரித்துப் பாருங்கள். ஆண்டுக்கு 3,60,000 என்றால் மாதம் 30,000 என்று வீட்டில் கணக்குப் போடுவார்கள். வேரியபிள் பே 10 சதவீதம், பிஎஃபில் நிர்வாகத்தின் பங்கு 1,800, உங்கள் பங்கு 1,800, கிராஜுவிட்டி, இன்சூரன்ஸ் என்று போனால் கைக்கு வருவது 22,000 சொச்சம். பாண்ட் எத்தனை வருஷம், நோட்டீஸ் பீரியட் 90 நாளா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே படிக்க வேண்டும். சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16, பிஎஃப் கணக்கின் யுஏஎன் எண் ஆகியவற்றைச் சொந்த மெயிலில் வைத்துக்கொள்ளுங்கள். ஆபீஸ் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கும் அன்று எல்லாம் பூட்டிவிடும். அந்தக் கம்பெனிக்குள் மட்டும் ஓடும் டூலிலேயே இரண்டு வருஷம் ஓட்டிவிட்டால் வெளியில் இண்டர்வியூவில் சொல்ல ஒன்றும் இருக்காது. சம்பளம் சற்றுக் குறைந்தாலும், வெளியிலும் செல்லுபடியாகும் வேலை தரும் ப்ராஜெக்டைக் கேட்டு வாங்குங்கள்.

மலையில் அம்மா அப்பா வாங்கிய கூலியைப் பார்த்தால் இது கொழுப்பெடுத்த பேச்சு என்று யாராவது சொல்லலாம். வருமானம் கூடியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த வருமானத்தை நம்பி உடனே எடுக்கும் கடன்தான் ஆபத்து. அவர்கள் ரிட்டையர் ஆனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதனால் பிள்ளைக்கு வேலை கிடைத்த வருஷமே போடியிலோ தேனியிலோ 20 வருஷக் கடனில் வீடு பார்க்கிறார்கள். கொழிஞ்சாம்பாறைப் பிள்ளை அலைச்சலைப் பொறுத்துக்கொண்டால் கோவைக்குத் தினம் போய்வரலாம், வாடகை மிச்சம். மூணாறுப் பிள்ளைக்கு ஹாஸ்டல் செலவு முதல் மாதமே ஆரம்பித்துவிடும். இருவருக்கும் ஒரே இஎம்ஐ கணக்கு ஒத்துவராது. அம்மாவுக்கு இன்னும் எத்தனை வருஷம் சர்வீஸ் என்று முதலில் கேளுங்கள். அதுவரை லயம் இருக்கிறது. பெஞ்சில் உட்கார நேர்ந்தாலும் தாங்கும்படி ஆறு மாதச் செலவை அதற்குள் சேர்த்துவிட்டால், பிறகு வங்கிக்குப் போகலாம்.