பொம்மைக்கு வண்ணம், குடும்பத்துக்கு நலம்



மதுரை பக்கம் விளாச்சேரியிலும், பண்ருட்டி, காஞ்சிபுரம் பகுதிகளிலும் கொலு பொம்மை செய்வது குடும்பத் தொழில். புருஷன் வண்ணம் தெளிப்பார், மனைவி கண் எழுதுவார், பிள்ளைகள் பக்கத்திலேயே விளையாடும். பொழுதுபோக்காக பொம்மைக்கு வண்ணம் அடிப்பவர்களும் உண்டு. வருமானமும் சந்தோஷமும் நல்லதுதான். ஆனால் தெளிக்கிற வண்ணம் எல்லாம் பொம்மை மேலேயா விழுகிறது? ஒரு பகுதி காற்றிலே பறந்து நம் மூச்சில் போகிறது.

இதனால் என்ன கெடுதல்?

தின்னர் ஆவியை மூச்சில் இழுத்தால் தலை சுற்றும், குமட்டும். கர்ப்பிணி அதிகமாகச் சுவாசித்தால் வயிற்றுப் பிள்ளையின் வளர்ச்சி பாதிக்கும். ஈயம் கலந்த பெயின்ட் இன்னும் மோசம். தாயின் ரத்தத்தில் உள்ள ஈயம் கருவுக்கும் போகும். சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் கூடாது என்று மத்திய அரசு 2016-ல் விதி செய்தது. 2017 நவம்பர் 1 முதல் அது அமலில் உள்ளது. ஆகவே அதற்கு முந்தைய பழைய டப்பா வேண்டாம். ‘ஈயம் சேர்க்காதது’ என்று அச்சிட்டதையே வாங்குங்கள்.

தெளிப்புப் பெட்டி செய்யும் முறை

1. 2 அடி அகலம், 2 அடி உயரம், ஒன்றரை அடி ஆழமுள்ள கெட்டி அட்டைப்பெட்டி ஒன்று எடுங்கள். ஒரு பக்கம் முழுக்கத் திறந்திருக்கட்டும்.

2. பின்பக்கம் 9 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் பொருந்தும் அளவு வட்டமாக வெட்டுங்கள். காற்றை வெளியே தள்ளும்படி ஃபேனைப் பொருத்தி, இடுக்குகளை டேப் ஒட்டி அடையுங்கள்.

3. ஃபேனுக்கு முன்னால், உட்புறம், மெல்லிய பஞ்சுத் தாளைக் கட்டுங்கள். வண்ணத் துளி அதிலே தங்கும். அடைத்துக்கொண்டால் மாற்றுங்கள்.

4. பெட்டியின் பின்பக்கத்தை ஜன்னலோடு ஒட்டி வையுங்கள். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு அடுப்படியோ, மாட்டுத் தொழுவமோ, கிணறோ இருக்கக் கூடாது. எதிர்க் கதவு திறந்திருந்தால்தான் புதுக்காற்று வரும்.

5. பெயின்ட்டைத் திறக்குமுன் ஒரு ஊதுபத்தியை ஏற்றிப் பெட்டி வாயில் பிடியுங்கள். புகை உள்ளே போனால் சரி. உங்கள் பக்கம் திரும்பினால் இடுக்கு இருக்கிறது, பாருங்கள். பிறகு ஊதுபத்தியை அணைத்துவிடுங்கள்.

முக்கிய எச்சரிக்கை

இந்தப் பெட்டி தண்ணீரில் கரையும் வண்ணத்துக்கு மட்டுமே. தின்னர் கலந்த பெயின்ட்டுக்கோ, அழுத்தித் தெளிக்கும் ஸ்பிரே டப்பாவுக்கோ இதை உபயோகிக்காதீர்கள். அந்த ஆவி ஃபேன் மோட்டாரின் தீப்பொறியில் பற்றிக்கொள்ளும். அந்த வேலையை வெட்டவெளியில், காற்று முதுகுப் பக்கம் வீச, அடுப்பு, பீடி எதுவும் இல்லாத இடத்தில் செய்யுங்கள். முகத்தில் கட்டும் துண்டு தின்னர் ஆவியைத் தடுக்காது.

கணவன்மார் கவனத்துக்கு

“ஏங்க, அந்த வாடை எனக்கு ஒத்துக்கலை” என்று மனைவி சொன்னால் தட்டிக்கழிக்காதீர்கள். கர்ப்பகாலத்தில் தெளிக்கும் வேலையை நீங்களே செய்யுங்கள். பழைய பொம்மைப் பூச்சை உலர்ந்தபடி சுரண்டாமல், நனைத்துத் தேயுங்கள். வேலை நடக்கும் இடத்தில் வெற்றிலை போடவோ சாப்பிடவோ வேண்டாம். கையைத் தின்னரில் கழுவாமல், தேங்காயெண்ணெய் தடவி சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வண்ணம் பட்ட சட்டையோடு பிள்ளையைத் தூக்காதீர்கள்.

தலை சுற்றினால் உடனே வெளிக்காற்றுக்கு வாருங்கள். குழந்தை தின்னரைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். கர்ப்பத்தைப் பதியும்போதே, நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதைக் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லிவிடுங்கள்.

நினைவில் கொள்க: பொம்மை ஒரு நாள் தாமதமாகக் காய்ந்தாலும் விற்றுவிடலாம். கெட்டுப்போன உடம்பை எந்தச் சந்தையிலும் மாற்றி வாங்க முடியாது.