தாத்தாவின் 22 பக்கமும் விண்டோஸ் 11-உம்



எங்க தாத்தா பிறந்த ஊர் இப்போது கிடையாது. இரண்டாம் சுரங்கத்துக்கு நிலம் போன ஊர்களில் அதுவும் ஒன்று. ஏரி எங்கே இருந்தது, யார் வீட்டு வாசலில் என்ன மரம் என்று தாத்தா சொல்லச் சொல்ல, 2003-இல் அப்பா கம்ப்யூட்டரில் 22 பக்கம் டைப் செய்து வைத்தார். வேறு பிரதி கிடையாது.

போன லீவில் அந்த எக்ஸ்பி கம்ப்யூட்டர் ஆன் ஆகாமல் போச்சு. சித்தப்பா விண்டோஸ் 11 உள்ள கம்ப்யூட்டர் கொண்டுவந்தார். பழைய ஹார்ட் டிஸ்கிலிருந்து பைலை எடுத்துவிட்டோம். ஆனால் திறக்கல. அப்பா டைப் செய்த பழைய தமிழ் மென்பொருளை ஏற்றப் பார்த்தால், இந்தக் கம்ப்யூட்டரில் ஓடாது என்று ஒரு பெட்டி வந்தது. தாத்தா ஒன்றும் பேசாமல் திண்ணைக்குப் போயிட்டார்.

ஏன் ஓடல? அது 16 பிட் மென்பொருள். 2-இன் 16-ஆம் அடுக்கு 65,536. 32-ஆம் அடுக்கு என்றால் 429 கோடிக்கும் மேல் (போட்டுப் பாருங்கள்!). கம்ப்யூட்டர் ஒரே நேரத்தில் கையாளும் எண்ணின் அளவு இப்படி வளர்ந்துகொண்டே வந்தது. 2001-இல் வந்த எக்ஸ்பியின் 32 பிட் பதிப்பில் 16 பிட் மென்பொருளும் ஓடும். 64 பிட் விண்டோஸில் அதற்கான பகுதியே இல்லை. 2021-இல் வந்த விண்டோஸ் 11, 64 பிட்டில் மட்டும்தான் கிடைக்கிறது.

முதலில் சுலபமான வழியைப் பார்த்தோம். மென்பொருள் மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், அதில் கம்பாட்டிபிலிட்டி. அங்கே எக்ஸ்பியைத் தேர்ந்தெடுத்தால் புது விண்டோஸ் பழைய விண்டோஸ் மாதிரி நடிக்கும். 32 பிட் மென்பொருள் நிறைய இதிலேயே ஓடிடும். எங்களுடையது ஏமாறல.

அடுத்து விர்ச்சுவல் பாக்ஸ். இது இலவசம். கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு பொய்க் கம்ப்யூட்டரை உண்டாக்கும். அதில் எக்ஸ்பியைப் போட்டு, அதற்குள் தமிழ் மென்பொருளைப் போட்டோம். பைல் திறந்தது! (எக்ஸ்பிக்குப் பாதுகாப்பு அப்டேட் 2014 ஏப்ரல் 8-ஓடு நின்றுவிட்டது. அதனால் உள்ளே இருக்கும் எக்ஸ்பிக்கு நெட் கொடுக்காதீங்க.)

ஆனால் அதைக் காப்பி செய்து வெளியே கொண்டுவந்தால் ஒரே ஆங்கில எழுத்து! அப்பா டைப் செய்தது பாமினி எழுத்துருவில். அதில் 'தமிழ்' என்று அடித்தால் கம்ப்யூட்டர் வைத்துக்கொள்வது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. மேலே தமிழ்ச் சட்டை போட்டிருக்கும், அவ்வளவுதான். யூனிகோடில் அப்படி இல்லை, 'த'வுக்கு என்றே 2980 என்ற எண் உண்டு. தமிழக அரசும் 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது.

பாமினியை யூனிகோடாக மாற்றும் கன்வெர்ட்டர்கள் நெட்டில் கிடைக்கின்றன. 'கெ' எழுத நாம் கொம்பை முதலில் போட்டு அப்புறம் 'க' போடுவோம். பாமினியும் அப்படியே. யூனிகோடில் 'க' முதலில், கொம்பு பின்னால். கன்வெர்ட்டர் இதைத் திருப்பிப் போடணும். சில இடத்தில் தவறிவிடுகிறது. அதனால் நான் வரி வரியாக வாசிக்க, தாத்தா சரிபார்க்கிறார்.

நேற்று 9-ஆம் பக்கம். 'கொல்லை' வர வேண்டிய இடத்தில் 'கல்லை' என்று இருந்தது. கன்வெர்ட்டரைத் திட்டினேன். தாத்தா சிரித்தார். "அது மேல பழி போடாத. உங்கப்பன் அன்னைக்கே அப்படித்தான் அடிச்சான்."

- 9-ஆம் வகுப்பு மாணவி