‘காஃப்’ இருமிய காலம்

அன்புள்ள கண்ணம்மா,

இருமலுக்குக் ‘காஃப்’ என்று சொல்லிவிட்டுக் கடைசியில் ஜி, ஹெச் ஏன் போடவேண்டும், ‘எஃப்’ போட்டால் ஆகாதா என்று ஃபோனில் கேட்டாய். நியாயமான கேள்வி. அந்த இரண்டு எழுத்தும் ஒரு காலத்தில் உண்மையாகவே இருமின, அம்மா. அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பு ஆங்கிலேயர்கள் அந்த இடத்தில் தொண்டையை உரசி ‘ஹ்ஹ்’ என்றார்கள். சளியைக் காறும்போது வருமே, அந்தச் சத்தம். சிரிப்பைச் சொல்லும் ‘லாஃப்’ என்ற சொல்லிலும் அதே ஓசை இருந்தது. போகப்போகத் தொண்டையில் இருந்த ஒலி உதட்டுக்கு வந்து ‘ஃப்’ ஆகிவிட்டது. எழுத்து மட்டும் பழைய இடத்தைவிட்டு நகரவில்லை. எனக்கு அந்த ஜி, ஹெச் மேல் தனிப் பிரியம் உண்டு.

ஓசையையே சொல்லாக்கிய ‘ஹிஸ்’, ‘ஸ்பிளாஷ்’ போன்றவை உனக்கே புரியும். நாம் ‘சலசல’, ‘படபட’ என்று இரட்டித்துச் சொல்வதை அவர்கள் பெரும்பாலும் ஒரே தடவையில் முடித்துவிடுவார்கள்.

இப்போது ஒன்று செய். மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ‘ன்ன்ன்’ என்று இழுத்துப் பார். வராது. அந்த ஒலிக்கு மூக்குதான் வாசல். இனி இந்தச் சொற்களைக் கேள்: தும்மலுக்கு ‘ஸ்னீஸ்’, குறட்டைக்கு ‘ஸ்னோர்’, மோப்பத்துக்கு ‘ஸ்னிஃப்’, பன்றியின் நீண்ட மூக்குக்கு ‘ஸ்னவுட்’. எல்லாம் மூக்கையே சுற்றி வருகின்றன. ‘க்ளோ’, ‘க்ளீம்’, ‘க்ளிட்டர்’ மூன்றிலும் வெளிச்சம் இருக்கிறது. இப்படிப் பொருள் ஒட்டிக்கொண்ட ஒலிக்கொத்துக்கு ‘ஃபோனெஸ்தீம்’ என்று 1930-ல் பெயர் வைத்தவர் ஜே.ஆர். ஃபர்த் என்ற ஆங்கில மொழியியலாளர். ஆனால் ‘ஸ்னோ’ என்னும் பனிக்கு மூக்கில்லை, ‘க்ளவ்’ என்னும் கையுறை மின்னாது. ஆகவே இதை விதியாக எடுத்துக்கொள்ளாதே. பத்துச் சொல்லைத் தனித்தனியாக உருப்போடாமல் ஒரே கொத்தாகக் காதில் வைத்துக்கொள்ள இது உதவும், அவ்வளவுதான்.

ஓசை தேய்ந்து காணாமல் போவதும் உண்டு. லத்தீனில் கீச்சிடும் குஞ்சுக்குப் ‘பீப்பியோ’ என்று பெயர். அதைச் சொன்னாலே குஞ்சு கத்துவதுபோல இருக்கும். அது பிரெஞ்சு வழியாக இங்கிலாந்து போய்ச் சேர்ந்தபோது புறாவைக் குறிக்கும் ‘பிஜன்’ ஆகியிருந்தது. இன்று அந்தப் பெயருக்குள் எந்தப் பறவையும் கீச்சிடவில்லை. ‘குக்கூ’ பறவை கொடுத்துவைத்தது. அதன் பெயர் இன்னும் கூவிக்கொண்டிருக்கிறது.

‘ஸ்லிப்’, ‘ஸ்லைட்’ இரண்டும் உனக்குத் தெரியும். ‘ஸ்ல’ என்று தொடங்கும் வேறு பத்துச் சொற்களை அகராதியில் தேடி எழுதி அனுப்பு. அவற்றில் எத்தனை வழுக்குகின்றன என்று விடுமுறையில் நீ வரும்போது சேர்ந்து எண்ணிப் பார்க்கலாம்.

அன்புடன்,
உன் மாமா