எல்லோருக்கும் எட்டும் இணையப் பாடம்

எமது கிராமங்களுக்கு இணையவழிப் பாடம் பழக்கமானது 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்ட பின்னரேயாகும். கல்வி அமைச்சின் ‘ஈ-தக்சலாவ’ தளத்தை அதுவரை கேள்விப்படாத வீடுகளிலும் ஒரு கைத்தொலைபேசியைச் சுற்றி மூன்று பிள்ளைகள் இருந்து படித்தார்கள். சிக்னல் தேடிக் குளக்கட்டுக்கு ஏறிய கதை எல்லோரும் அறிந்தது. அதிகம் பேசப்படாத வேறொரு கதையும் உண்டு. சிக்னல் இருந்தது, போன் இருந்தது, பாடமும் வந்தது. ஆனால் கண் தெரியாத பிள்ளைக்கும் காது கேளாத பிள்ளைக்கும் அது போய்ச் சேரவில்லை.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இது சிறிய விடயமன்று. கைதடி நவீல்ட் பாடசாலை போன்ற விசேட பாடசாலைகள் மிகச் சிலவே. காணியும் வருமானமும் நிலையில்லாத ஒருவர் பிள்ளையைத் தூர இடத்து விடுதியில் சேர்ப்பது இலகுவல்ல. சேர்த்தாலும், குடும்பம் மறுபடி இடம் மாறும்போது படிப்பு அறுந்து போகிறது. இடம் மாறினாலும் கூடவே வரக்கூடியது இணையப் பாடம். 2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் 5 வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதமானோருக்குப் பார்ப்பது, கேட்பது, நடப்பது போன்றவற்றில் ஏதோவொரு சிரமம் இருந்தது. ஷெல்லிலும் மிதிவெடியிலும் கையையோ கண்ணையோ இழந்தவர்களும் எம்மிடையே இருக்கிறார்கள்.

கண் தெரியாதவர் போனை எப்படிப் பாவிக்கிறார் என்பதை முதலில் விளங்கிக்கொள்வோம். அன்ட்ரொயிட் போன்களில் ‘டோக்பாக்’ என்னும் வசதி உண்டு. அமைப்புகளில் ‘அணுகல்தன்மை’ என்ற பகுதியில் அதைக் காணலாம். அதை இயக்கினால், விரல் படும் இடத்தில் உள்ளதைப் போன் வாசித்துச் சொல்லும். வலப்பக்கம் விரலை இழுத்தால் அடுத்தது; இருமுறை தட்டினால் அது திறக்கும். (முதன்முறை இயக்குபவர் போன் பழுதாகிவிட்டதென்று பயப்படுவதுண்டு. நிறுத்துவதற்கும் அதே முறைதான்: ஒருமுறை தொட்டுப் பெயரைக் கேட்டு, இருமுறை தட்டவேண்டும்.) கணினிக்கு ‘என்.வி.டீ.ஏ.’ என்ற திரைவாசிப்பான் இலவசமாகக் கிடைக்கிறது. அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கல் கரன், ஜேம்ஸ் டே என்னும் இரு விழிப்புலனற்றவர்கள் 2006 இல் தொடங்கிய முயற்சி அது. தமிழையும் வாசிக்கும்.

ஆனால் அது நம்பகமாக வாசிப்பது எழுத்தை மட்டுமே; எழுத்தின் படத்தை அப்படி வாசிக்காது. ஆசிரியர் கொப்பியில் எழுதி, படம் பிடித்து, வட்ஸ்அப்பில் அனுப்பும் குறிப்பு திரைவாசிப்பானுக்குப் பெரும்பாலும் வெறும் ‘படம்’. ஸ்கான் செய்த கடந்தகால வினாத்தாளும் அப்படியே.

தமிழில் எமக்கு இன்னொரு இடைஞ்சலும் உண்டு. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இதைப் பற்றி அதிகம் காணமுடியாது. இலங்கையில் நெடுங்காலமாகப் பாமினி எழுத்துருவில் தட்டெழுதி வந்துள்ளோம். பாமினியில் எமது கண்ணுக்குத் தமிழ் தெரிந்தாலும், கணினியின் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக்களே. ‘தமிழ்’ என்ற சொல்லை அது ‘ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி’ என்றே வைத்திருக்கிறது. ஆகவே பாமினியில் செய்த நல்லதொரு விஞ்ஞானக் குறிப்பைத் திரைவாசிப்பான் வாசிக்கும்போது, பிள்ளையின் காதில் விழுவது பொருளற்ற ஆங்கில எழுத்துக்கள். யூனிக்கோட் தமிழில் இந்தச் சிக்கல் இல்லை. போனில் நாம் தட்டும் தமிழ் யூனிக்கோட்தான். பாமினியில் உள்ள பழைய குறிப்புகளை யூனிக்கோட்டாக மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாக உண்டு.

வந்த பாடம் எந்த வகை என்பதை எவரும் சோதிக்கலாம். பாடத்தில் ஒரு சொல்லை அழுத்திப் பிடித்து, பிரதி செய்து, வட்ஸ்அப் செய்தியில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் நல்லது. ஆங்கில எழுத்துக்களாக வந்தால் அது பாமினி போன்ற பழைய எழுத்துரு. சொல்லைப் பிடிக்கவே முடியாவிட்டால் அது பெரும்பாலும் படம். யூனிக்கோட்டில் செய்ததாயினும் பீடிஎஃப் ஆக்கியதும் கொம்புகளும் கால்களும் இடம் மாறிவிடுவதுண்டு. எனவே வேர்ட் கோப்பாகவோ சாதாரண செய்தியாகவோ அனுப்பும்படி ஆசிரியரைக் கேட்பது நல்லது.

படமே கூடாதென்று சொல்லவில்லை. படத்துக்கு ஒரு விவரணம் எழுதவேண்டும். பல பல்கலைக்கழகங்கள் பாவிக்கும் ‘மூடில்’ என்ற கற்றல் தளம், படத்தைச் சேர்க்கும்போதே அதைக் கேட்கும். அவசரத்தில் பலர் ‘படம் 3’ என்று போட்டுவிடுவார்கள். நெற்செய்கைப் பாடமொன்றில், ‘நெற்பயிரின் அடித்தண்டில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, கபிலநிறத் தத்திகள் கூட்டமாக இருக்கின்றன, நடுவே வட்டமாகப் பயிர் காய்ந்துள்ளது’ என்று எழுதினால், கண் தெரியாத கமக்காரரும் எங்கே கைவைத்துப் பார்க்கவேண்டும் என்று அறிந்துகொள்வார். (மூடிலை உருவாக்கிய மார்ட்டின் டூகியமஸ், மேற்கு அவுஸ்திரேலியப் பாலைநிலத்தில் சிறுவயதில் வானொலி வழியாகப் பாடம் படித்தவர். தூரத்துப் பிள்ளையின் நிலை அவருக்குத் தெரியாததன்று.)

வீடியோப் பாடத்தில் ஆசிரியர் கரும்பலகையைத் தொட்டு, ‘இதையும் இதையும் பெருக்கினால் இது வரும்’ என்கிறார். பார்க்கமுடியாதவருக்கு மூன்று ‘இது’வும் ஒன்றே. ‘நீளத்தை அகலத்தால் பெருக்கினால் பரப்பளவு வரும்’ என்று வாயால் சொல்லிவிட்டால் போதும். செலவு ஒரு சதமும் இல்லை.

காது கேளாதவருக்கு அதே வீடியோவின் கீழே பேச்சு எழுத்தாக ஓடவேண்டும். இயந்திரம் தானாகப் போடும் எழுத்தில் பிழைகள் மலிந்திருக்கும். ஒருவர் இருந்து திருத்தியாக வேண்டும். பிறவியிலேயே கேட்காத பிள்ளைகளுள் பலருக்குச் சைகைமொழியே முதல்மொழி, எழுத்துத் தமிழ் இரண்டாவது என்பதையும் மறக்கலாகாது. வசனங்கள் சிறியனவாக இருந்தால் அவர்களுக்குப் பெரிய உதவி.

கை வலுவிழந்தவருக்குத் தடையாவது நேரம். பத்து நிமிடத்தில் பூட்டிக்கொள்ளும் பரீட்சை, ஒரு விரலால் தட்டுபவரின் அறிவை அளப்பதில்லை. மூடிலில் குறித்த மாணவருக்கு மட்டும் மேலதிக நேரம் கொடுக்க வழியுண்டு. ஆசிரியர் அறிந்திருந்தால் சரி. மவுஸால் இழுத்துப் பொருத்தும் வினாக்களும் இவ்வாறே வருத்தும். கணினியின் மவுஸைக் கழற்றிவிட்டு, விசைப்பலகையால் மட்டும் பாடத்தின் முடிவுவரை போகமுடிகிறதா என்று பார்ப்பது நல்லதொரு சோதனை.

இவையெல்லாம் யாரோ இரக்கத்தால் செய்யும் சலுகைகள் என்று எண்ணவேண்டாம். வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், கல்வி நிறுவனங்களில் அனுமதி வழங்கும்போது வலுக்குறைவைக் காரணமாக்கிப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. வலுவிழந்தோரின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. தளங்களை எப்படி அமைக்கவேண்டும் என்பதற்கான சர்வதேச நெறிமுறைகள் 1999 முதல் உள்ளன, 2.2 என்னும் பதிப்பு 2023 ஒக்டோபரில் வந்தது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 ஆக இருக்கவேண்டும் என்பது வரை அதில் உண்டு. மஞ்சள் நிறத் தாளில் வெள்ளை எழுத்தில் அறிவித்தல் செய்பவர்கள் இதைக் கவனிக்க!

குழுவாகச் செய்து பாருங்கள்: உங்கள் பிள்ளைகளுக்கோ சங்கத்துக்கோ வந்த ஒரு பாடத்தை எடுங்கள். ஒருவர் கண்ணை மூடி டோக்பாக்கில் கேட்கட்டும். ஒருவர் ஒலியை நிறுத்திவிட்டுப் பார்க்கட்டும். மற்றொருவர் பழக்கமில்லாத கையின் ஒரு விரலால் விடையளிக்கட்டும். உங்கள் கிராமத்தில் வலுவிழந்தவர் இருந்தால் அவரையே முதலில் அழையுங்கள். அவருக்கு எங்கே தடை என்பதை அவர்தான் சரியாகச் சொல்வார். ஒவ்வொருவரும் நின்றுபோன இடத்தைக் குறித்து, பாடத்தை அனுப்பியவருக்கு எழுதுங்கள். ‘விளங்கவில்லை’ என்று எழுதினால் பதில் வராது. ‘மூன்றாம் பக்கத்துப் படத்துக்கு விவரணம் இல்லை; குறிப்பு பாமினியில் இருக்கிறது; யூனிக்கோட்டில் தாருங்கள்’ என்று எழுதுங்கள்.