உப்புவெளியில் மோட்டார் விரைவோட்டம்

மோட்டார்ப் பந்தயம் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது, வளைந்து செல்லும் பாதையொன்றிலே பல வண்டிகள் ஒன்றையொன்று முந்த முயலும் காட்சியேயாகும். சென்னையை அடுத்த சோழவரத்துப் பழைய விமானத் தளத்தில் முன்னாளில் நிகழ்ந்த பந்தயங்கள் அவ்வகையின. ஈண்டு யாம் கூறப்புகுவது அதனின் வேறாயது. இதன்கண் ஒரு சமயத்தில் ஓடுவது ஒரே வண்டி. முந்துவதற்கு எதிரியும் இல்லை, திரும்புவதற்கு வளைவும் இல்லை. நேரான நெடும்பாதையில் ஓடி, அளந்து குறித்த ஒரு மைலைக் கடத்தற்கு எத்துணை நேரம் ஆயிற்றென்று கணித்தவுடன் ஆட்டம் முடிந்துவிடும். எதிரி யாதோ எனின், காற்றும், சக்கரத்தின்கீழ் நழுவும் நிலமும், ஏட்டில் முன்னரே பொறிக்கப்பட்டுள்ள ஓர் எண்ணுமே.

இவ்விளையாட்டிற் பரிசுப் பணம் கிடையாது. ஆயினும் தத்தம் கைப்பொருளைச் செலவிட்டு ஆண்டுதோறும் பலர் இதற்கு வருகின்றனர். இதனை நம் மாணவர்க்கு எடுத்துரைத்தற்குக் காரணம் ஒன்றுண்டு. தன் வண்டியின் முழு விரைவையும் அறிய வேண்டுமென்னும் ஆவல் இளைஞர்க்கு இயல்பு. அதனைப் பொது வீதியிலே சோதித்துப் பார்ப்பவன் தன் உயிரை மட்டுமன்றி, சாலையோரம் நடந்து செல்லும் ஒரு கிழவியின் உயிரையும் பணயம் வைக்கின்றான். கலிபோர்னியா நாட்டின் தென்பகுதி இளைஞர் இவ்வாவலுக்கு ஓர் இடம் தேடி, மோஹாவிப் பாலையிலுள்ள வறண்ட ஏரிகளுக்குச் சென்றனர். தொடக்கத்தில் அங்கும் ஒழுங்கு குறைவே. பல வண்டிகள் ஒரே வரிசையாய் ஓட, முன்சென்றவை எழுப்பிய புழுதியிற் பின்வந்தவை கண்தெரியாது மோதின. 1937ஆம் ஆண்டில் பல கழகங்கள் ஒன்றுகூடித் தென் கலிபோர்னிய நேரக்கணிப்புச் சங்கத்தை நிறுவின. ஒருவர் பின் ஒருவராக ஓடுதல், வண்டியை முன்னதாகப் பரிசோதித்தல், நேரத்தைக் கருவியால் அளத்தல் என்னும் வழக்கங்கள் நிலைபெற்றது அச்சங்கத்தின் உழைப்பினாலேயாம். எல் மிராஜ் என்னும் வறண்ட ஏரியில் அச்சங்கத்தார் நடத்தும் ஓட்டத்திற்குரிய பாதையின் நீளம் 1.3 மைல்.

இவ்விளையாட்டின் தலைமையிடம் யூட்டா மாகாணத்தில் வெண்டோவர் என்னும் ஊரை அடுத்த பான்வில் உப்புவெளியாகும். பனியுகத்திற் பரந்து கிடந்த பேரேரி ஒன்று வற்றியபோது எஞ்சிய உப்பே அவ்வெளி. குளிர்காலத்தில் அதன்மேல் சிறிது நீர் தேங்கும். கோடையில் அந்நீர் ஆவியாகும். காற்று தேய்த்துத் தேய்த்து மேற்பரப்பைப் பலகைபோற் சமனாக்கும். 1935ஆம் ஆண்டு செப்டம்பரில் மால்கம் காம்ப்பெல் என்னும் ஆங்கிலேயர் தம் 'புளூ பேர்ட்' வண்டியில் மணிக்கு 301 மைல் விரைவில் ஓடியது அங்கேதான். அதற்கு முன் நிலத்தில் எவரும் முந்நூறு மைலைக் கடந்ததில்லை. 1947இல் ஜான் காப் என்பவரின் சராசரி 394 மைலாயிற்று. இவையெல்லாம் பெருஞ்செல்வர் ஆதரவில் எழுந்த தனி வண்டிகள். சாதாரண மக்கள் தம் வண்டிகளுடன் அவ்வெளியை அடைந்தது 1949இல், மேற்கூறிய சங்கத்தார் முதல் 'வேக வாரம்' நடத்திய போதேயாகும்.

பொருளின்றி ஊக்கம் மட்டும் உடையார்க்கு இங்கு இடமுண்டோ எனின், நியூசிலாந்தின் இன்வர்கார்கில் நகரத்துப் பர்ட் மன்றோவை நோக்குக. அவர் 1920ஆம் ஆண்டில் வெளிவந்த இந்தியன் ஸ்கௌட் மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பல்லாண்டு திருத்தித் திருத்தி, பிஸ்டன்களையும் தம் கையாலேயே வார்த்து, 1967இல் தம் அறுபத்தெட்டாம் வயதில் அவ்வுப்பின்மேல் மணிக்கு 184 மைல் என்னும் சாதனையை நிறுவினார். அது 1000 கன சென்டிமீட்டருக்கு உட்பட்ட எஞ்சின்களின் வகுப்பைச் சார்ந்தது.

வகுப்பு என்றோம். எஞ்சினின் கொள்ளளவையும் உடலின் அமைப்பையும் கொண்டு வண்டிகள் பற்பல வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. கடையில் வாங்கியவாறே உள்ள கார் ஒன்று, விமானத்தின் எண்ணெய்த் தொட்டியைக் குடைந்து செய்த வண்டியோடு போட்டியிட வேண்டுவதில்லை. (அத்தகைய தொட்டி வண்டி நகைச்சுவையன்று, போர் முடிந்தபின் 1946இல் பில் பர்க் என்பவர் அவ்வாறே ஒன்று செய்தார்.) ஆதலின், புதிதாய்ப் புகுவோன் முதலில் வாங்கற்பாலது எஞ்சினன்று, விதிநூலே. தன் வண்டி எவ்வகுப்பைச் சாரும், அதற்கு எவ்விரைவுவரை எத்தகைய காப்பு வேண்டும் என்பவற்றை அறியாது செலவு செய்தவன், செய்ததைப் பிரித்து மீண்டும் செய்ய நேரும்.

வீதியில் ஓட்டும் வண்டியுடனேயே தொடங்க விரும்புவார்க்கு, யூட்டா உப்புவெளிப் பந்தயச் சங்கத்தார் 130 மைல் கழகம், 150 மைல் கழகம் என இரண்டு வைத்துள்ளனர். முன்னதற்கு வேண்டும் காப்பு குறைவு, பின்னதற்கு மிகுதி. உப்புவெளி எட்டாதார், கைவிடப்பட்ட விமானத் தளங்களில் ஒரு மைல் ஓடிப் பழகுவர். வட கரோலினாவின் மாக்ஸ்டனில் 2011 வரை அவ்வாறு நிகழ்ந்தது. இங்கிலாந்தின் எல்விங்டன் தளமும் பெயர்பெற்றது. ஆஸ்திரேலியரோ தம் நாட்டுக் கெய்ர்ட்னர் உப்பேரியில் ஓடுகின்றனர்.

இனி, விரைவின் கணக்கைப் பார்ப்போம். பௌதிகம் பயிலும் மாணவர் இதனைத் தாமே போட்டுப் பார்க்கலாம். காற்றின் எதிர்ப்பு விரைவின் வர்க்கத்திற்கு ஏற்ப வளரும். அதனை வெல்லும் திறனோ விரைவின் கனத்திற்கு ஏற்ப வளரும். முகப்புப் பரப்பு 2.2 சதுர மீட்டரும் காற்றெதிர்ப்பெண் 0.30உம் உடைய கார் ஒன்றைக் கொள்வோம். கடல்மட்டத்துக் காற்றில் மணிக்கு 100 மைல் செல்லும்போது காற்றை விலக்குதற்கு மட்டும் ஏறக்குறைய 47 குதிரைத்திறன் வேண்டும். 150 மைலுக்கு 160. 200 மைலுக்கு 380. விரைவு இரட்டித்தது, திறன் எட்டு மடங்காயிற்று. இதனால், எஞ்சினைப் பெருக்குதலினும் காற்று எளிதில் வழுகிச் செல்லுமாறு உடலைத் திருத்துதல் மலிவு என்பது தெளிவாம். பக்கக் கண்ணாடியைக் கழற்றுதலும், முகப்பின் துளைகளை வேண்டுமளவு அடைத்தலும், விதி இடங்கொடுக்குமாயின், காசின்றிக் கிட்டும் பயனாகும்.

பான்வில் கடல்மட்டத்திற்கு 4,200 அடி மேலே உள்ளது. அங்குக் காற்றின் அடர்த்தி எட்டில் ஒரு பங்கு குறைவு. கோடை வெப்பத்தில் இன்னும் குறைவு. தானே காற்றை உள்ளிழுக்கும் எஞ்சினின் திறனும் அதே அளவு குறையும். 'எதிர்ப்பும் குறைகின்றதே, ஆகவே இரண்டும் சரியாய்ப் போகாவோ?' என வினவலாம். காற்றைப் பொறுத்தமட்டில் சரியாய்ப் போம். ஆயின் உப்பின்மேல் சக்கரம் உருளுதற்குரிய தடை உயரத்தால் குறைவதன்று; ஈரமான உப்பில் அது மிகுதியுமாகும். அக்கடனைக் குறைந்த திறனிலிருந்தே தீர்த்தல் வேண்டும்.

கியர்க் கணக்கும் எளியதே. சக்கரத்தின் சுற்றளவு 2 மீட்டர், எஞ்சின் நிமிஷத்திற்கு 6000 சுற்று, முழு விகிதம் 3 எனின், சக்கரம் நிமிஷத்திற்கு 2000 முறை சுழன்று 4000 மீட்டர் செல்லும். அஃது மணிக்கு 240 கிலோமீட்டர், அதாவது 149 மைல். ஆனால் உப்பு தார்ச்சாலையன்று. சக்கரம் பத்தில் ஒரு பங்கு வழுக்குமாயின், வண்டியின் உண்மை விரைவு 134 மைலே. வண்டிக்குள் இருக்கும் கருவி 149 என்று காட்ட, பாதையோரத்து ஒளிக்கற்றைகள் 134 என்று தீர்ப்பளிக்கும். புதியவர் பலர் முதல் நாளிற் கொள்ளும் ஏமாற்றம் இதுவே. பிற பந்தயங்களில் எடையைக் குறைக்கப் பாடுபடுவர். இங்கோ சக்கரம் நிலத்தைப் பற்றுதற்பொருட்டு ஈயத்தையும் இரும்பையும் வேண்டுமென்றே ஏற்றுவோர் பலர்.

டயரைப் பற்றிச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். உயிர் அதன்மேல் நிற்கின்றமையின். மணிக்கு 150 மைலில் ஓடும் 32 சென்டிமீட்டர் ஆரமுள்ள சக்கரத்தின் விளிம்பில் ஒவ்வொரு பொருளும் தன் எடையைப்போல் 1,400 மடங்குக்குமேல் வெளிநோக்கி இழுக்கும். ஐந்து கிராம் ரப்பர்த் துணுக்கு ஏழு கிலோகிராம் எடைபோல் பிய்த்துக்கொள்ள முயலும். உள்ளே தள்ளியிருக்கும் வால்வின் மூடி ஒரு கிராமே எனினும் ஏறக்குறைய ஒரு கிலோகிராமாக இழுக்கும். பரிசோதகர் பிளாஸ்டிக் மூடியை மறுத்து உலோக மூடி கேட்பதன் காரணம் இதனால் விளங்கும். டயரின் பக்கத்திலுள்ள எழுத்தையும் நோக்குக: 'எச்' என்பது மணிக்கு 130 மைல் வரை, 'வி' என்பது 149 வரை. ஆகவே 130 மைல் கழகத்தை நாடுவோன் 'எச்' டயருடன் சென்றால், எல்லையின் விளிம்பிலேயே நிற்கின்றான். அமெரிக்கச் சட்டப்படி பொறித்த குறியின் இறுதி நான்கு இலக்கங்கள் செய்த வாரத்தையும் ஆண்டையும் தெரிவிக்கும். பார்வைக்குப் புதிதாய் இருப்பினும் பழைய டயரை நம்பலாகாது.

வண்டி நேரே செல்லுதற்கு அம்பே உவமை. அம்பின் கனம் முன்னும், காற்றைப் பிடிக்கும் இறகு பின்னும் அமைந்துள்ளன. அவ்வாறே வண்டியின் எடைமையம் முன்னும் காற்றழுத்த மையம் பின்னும் இருத்தல் நன்று. மாறி அமையின் சிறு நழுவலும் சுழலாக முடியும். மிகு விரைவு வகுப்புகளில் பின்னே பாராசூட் கட்டுவது நிறுத்துதற்கு மட்டுமன்று, நிமிர்த்துதற்குமாம்.

ஓட்டுநர்க்குத் தலைக்கவசம், தீத்தாங்கும் உடை, பல முனைப் பட்டை, வண்டி உருண்டால் நசுங்காத இரும்புக்கூடு ஆகியன விரைவிற்கேற்ப விதிக்கப்பட்டுள்ளன. 1948இல் ராலி ஃப்ரீ என்பவர், உடை காற்றிற் கிழிந்தமையால், நீச்சல் உடையோடு வின்சென்ட் மோட்டார் சைக்கிளின்மேல் குப்புறப் படுத்து 150 மைலைக் கடந்தார். அப்படம் உலகப் புகழ் பெற்றது. அச்செயலை இன்று எந்தப் பரிசோதகரும் அனுமதியார்.

முதல் நாளன்று புதியவரைப் பாதையைச் சுற்றிக் காட்டி, எங்கே திரும்பி வெளியேறுவது என்று கற்பிப்பர். கட்டுண்ட நிலையிலிருந்து தாமே விரைவில் வெளிவரும் பழக்கமும் சோதிக்கப்படும். எடுத்த எடுப்பில் முழு விரைவு இல்லை. 125, 150, 175, 200 எனப் படிப்படியாகவே உரிமம் உயரும். ஓடும்போது மிதியை மெல்ல அழுத்துக. சக்கரம் வழுக்கினால் மெல்லத் தளர்த்துக. பிரேக்கைத் திடீரென மிதியாதிருக்க. காற்று பக்கவாட்டில் வீசினால் அன்றைய ஓட்டத்தைக் கைவிடுதல் கோழைத்தனமன்று. சாதனை கோருவோர் இருமுறை ஓட வேண்டும். வேக வாரத்தில், முதல் ஓட்டத்தில் பழைய எண்ணைக் கடந்த வண்டி காவலிடத்தில் வைக்கப்பட்டு, மறுநாட் காலையில் மீண்டும் ஓடும். இரண்டின் சராசரியே கணக்கு. உலகச் சாதனைக்கோ ஒரு மணி நேரத்திற்குள் எதிரெதிர்த் திசைகளில் ஓடுதல் வேண்டும்.

இத்தனைக்கும் உப்பு ஒத்துழைக்க வேண்டுமே! 2014, 2015, 2022 ஆகிய ஆண்டுகளில் நீரும் கெட்ட மேற்பரப்பும் காரணமாக வேக வாரம் நடைபெறவில்லை. உப்புப்படலம் முன்னினும் மெலிந்துள்ளது. பாதையும் பழைய நீளத்திற்கு அமைவதில்லை. அருகே நெடுங்காலம் நடந்த பொட்டாஷ் எடுப்பே காரணமென்பாரும், அதனோடு வேறு காரணங்களும் கலந்துள்ளன என்பாரும் உளர். ஆகவே பயணச் செலவைக் கணக்கிடுவோர் ஓடாமலே திரும்பும் ஆண்டையும் சேர்த்துக் கணக்கிடுதல் நலம்.

இறுதியாக இரண்டு சிறு குறிப்புகள். வெண்ணிற உப்பு வெயிலைக் கீழிருந்தும் எறியும். மோவாயின் அடியும் வெந்து போகும். அங்கும் களிம்பு பூசுக. ஓட்டம் முடிந்து ஊர் திரும்புமுன் வண்டியின் அடிப்பாகத்தையும் சக்கரங்களின் உட்புறத்தையும் நல்ல நீரால் பலமுறை கழுவுக. ஒரு பிடி உப்பு இடுக்கில் தங்கினாலும் அடுத்த மழைக்காலத்திற்குள் இரும்பைத் துளைத்துவிடும்.