போர்டு ஒன்று, கடை பத்து: 'திஸ்', 'செல்ஃப்' குறிப்புகள்

"இந்தக் கடையில் கடன் கிடையாது" என்று ராஜபாளையத்து அச்சகம் ஒன்றில் பத்து போர்டு அடித்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் பத்து பால்கோவாக் கடைகளில் மாட்டுங்கள். எழுத்து ஒன்றுதான்; 'இந்தக் கடை' எது என்பது மாட்டிய இடத்தைப் பொறுத்தது. ப்ரோக்ராமில் வரும் 'திஸ்' இதேதான். வீட்டில் கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளை இருந்தால் கத்தரித்து வையுங்கள்.

1. கிளாஸ் அச்சகத்து மாதிரி, ஆப்ஜெக்ட் கடை, மெத்தட் அதில் மாட்டிய போர்டு. எந்தக் கடையின் பெயரை எழுதிப் புள்ளி வைத்து அழைத்தீர்களோ, அந்த நேரத்துக்கு அதுதான் 'திஸ்'.

2. ஜாவா கன்ஸ்ட்ரக்டரில் உள்ளே வரும் மதிப்புக்கும் கடையின் விலைக்கும் 'விலை' என்று ஒரே பெயர் இருந்தால், 'திஸ்.விலை = விலை' என்றே எழுதவும். வெறும் 'விலை = விலை' என்றால் வந்ததை வந்ததிலேயே போட்டுக்கொள்ளும்; கடையின் விலை 0-ஆகவே கிடக்கும். கம்பைலரும் பிழை என்று நிறுத்தாது. என் அண்ணன் மகள் கால் கிலோ, அரைக் கிலோ, ஒரு கிலோ என்று மாற்றி மாற்றிப் போட்டும் பில் 0.0 என்றே வந்தது. பெருக்கல் வரியைத்தான் ஒரு சாயங்காலம் முழுக்கச் சந்தேகப்பட்டோம்!

3. பைத்தானில் 'திஸ்' வேலையைச் செய்வது 'செல்ஃப்'; மெத்தடின் முதல் இடம் அதற்குத்தான். அதை விட்டுவிட்டால், "0 வாங்க வேண்டிய இடத்தில் 1 கொடுத்திருக்கிறாய்" என்கிற பாணியில் பிழை வரும். 'நான் எதுவுமே கொடுக்கவில்லையே' என்று குழம்ப வேண்டாம். அந்த 1, ஆப்ஜெக்டேதான். 'செல்ஃப்' என்பது வெறும் வழக்கம். பைத்தான் 3-இல் 'நான்' என்று தமிழிலேயே எழுதினாலும் ஓடும். ஆபீஸில் செய்து திட்டு வாங்காதீர்கள்.

4. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது ஊருக்குக் கிடைத்தது, ஒரு கடைக்கு அல்ல. அப்படிப் பொதுவானதை 'ஸ்டாட்டிக்' ஆக்கவும். ஜாவாவில் ஸ்டாட்டிக் மெத்தடுக்குள் 'திஸ்' எழுதினால் கம்பைல் ஆகாது.

5. ஜாவாஸ்கிரிப்டில் ஒரு மெத்தடை மட்டும் தனியே எடுத்து டைமருக்குக் கொடுப்பது, போர்டைக் கழற்றி பஸ் ஸ்டாண்டு தூணில் ஒட்டுவது மாதிரி. 'இந்தக் கடை' எது என்று தூணுக்குத் தெரியாது. 'பைண்ட்' போட்டுக் கொடுக்கவும். அல்லது 2015-இல் வந்த ஆரோ ஃபங்ஷனுக்குள் வைத்து, கடைப் பெயரோடு அழைக்கவும்.

6. சி++-இல் 'திஸ்' ஒரு பாயிண்டர். புள்ளி வேண்டாம், அம்புக்குறி போடவும்.