மூடுபனி படத்தில் ஏன் சாம்பலாகிறது?

பள்ளி விடுமுறையில் கேமரன் மலைக்குப் போய் வந்தவர்களின் கைப்பேசிப் படங்களைப் பாருங்கள். விடியற்காலையில் தேயிலைச் சரிவுகளின்மேல் பால்போல் படர்ந்திருந்த மூடுபனி, படத்தில் அழுக்குச் சாம்பலாக இருக்கும். மலையடுக்குகளும் தட்டையாகத் தெரியும். இது கைப்பேசியின் விலையால் வரும் குறையன்று. கருவி எதைத் தவறாகக் கணிக்கிறது என்று தெரிந்தால் சாதாரணக் கைப்பேசியிலேயே நல்ல படம் எடுக்கலாம்.

முதலில் மூடுபனி எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். மேகமற்ற இரவில் தரை தன் வெப்பத்தை இழந்து குளிர்கிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, கனமாகிச் சரிவில் இறங்கிப் பள்ளத்தாக்கில் தேங்குகிறது. அதிலுள்ள நீராவி, காற்றில் மிதக்கும் நுண்துகள்களின்மேல் படிந்து நீர்த்துளிகளாகிறது. ஒரு துளியின் விட்டம் பெரும்பாலும் 10 முதல் 20 மைக்ரோமீட்டர். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமோ 0.4 முதல் 0.7 மைக்ரோமீட்டர்தான். அலைநீளத்தைவிட இவ்வளவு பெரிய துளிகள் எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிக்கின்றன. ஆகவே மூடுபனி வெள்ளை. காற்று மூலக்கூறுகள் மிகமிகச் சிறியவை என்பதால் நீலத்தை அதிகமாகச் சிதறடிக்கின்றன. வானம் நீலமாகத் தெரிவது அதனால்தான்.

(சில ஆண்டுகளில் நம்மை வாட்டும் புகைமூட்டம் வேறு. அது எரிபுகையின் துகள். வெயில் ஏறினாலும் கலையாது. அப்போது படமெடுக்கக் கிளம்பாமல் வீட்டுக்குள் இருப்பதே நல்லது.)

இப்போது கருவியின் கணக்குக்கு வருவோம். எதிரே இருப்பது வெள்ளையா கறுப்பா என்று அதற்குத் தெரியாது. காட்சியின் சராசரி வெளிச்சம் நடுத்தரச் சாம்பல் என்றே பெரும்பாலும் வைத்துக்கொள்கிறது. காட்சி முழுக்க வெள்ளையாக இருந்தால், ‘வெளிச்சம் அதிகம்’ என்று முடிவு செய்து ஒளியைக் குறைத்துவிடுகிறது. எனவே ஒளியை நாம்தான் கூட்ட வேண்டும். கைப்பேசியில் திரையைத் தொட்டதும் பெரும்பாலும் ஒரு சூரியக் குறி தோன்றும். அதை மெல்ல மேலே நகர்த்துங்கள். கேமராவில் ஒளி ஈடுசெய்தலை +1 என வையுங்கள். +1 என்றால் இரண்டு மடங்கு ஒளி. மூடுபனி வெள்ளையானதும் நிறுத்திவிட வேண்டும். மேலும் கூட்டினால் அதிலுள்ள மெல்லிய அடுக்குகளும் அழிந்துவிடும்.

அடுத்தது தொலைவு. என்னைக் கேட்டால் மூடுபனிப் படத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது. ஒரு பொருளுக்கும் அதன் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு, மூடுபனியில் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் பாதியாகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 மீட்டரில் உள்ள மரத்துக்கு மிஞ்சுவது பாதி. 200 மீட்டரில் கால், 300 மீட்டரில் அரைக்கால், 500 மீட்டரில் 32இல் ஒரு பங்கு. அதற்குமேல் கண்ணுக்குத் தெரிவதே அரிது. படிவம் 5 இயற்பியலில் வரும் அரை ஆயுள் கணக்கும் இதே வடிவம்தான். அங்கே நேரம், இங்கே தொலைவு.

இதிலிருந்து ஒன்று புரியும். ஜூம் செய்தால் மரம் பெரிதாகுமே தவிர, இடையிலுள்ள மூடுபனி குறையாது. 100 மீட்டர் முன்னே நடந்தால் மரம் இரண்டு மடங்கு தெளிவாகும். அருகில் ஒரு தேயிலைச் செடி, சற்றுத் தள்ளி ஒரு மரம், அதற்கப்பால் ஒரு குன்று எனப் படிப்படியாக மங்கும் பொருள்கள் அமைந்தால்தான் படத்தில் ஆழம் தெரியும். கருவி கவனத்தைக் குவிக்கத் தடுமாறினால் அருகிலுள்ள மரத்தின் விளிம்பைத் தொடுங்கள். வெறும் வெள்ளையில் அதற்குப் பிடிமானம் கிடைக்காது.

ஃபிளாஷ் வேண்டாம். அதன் ஒளி முன்னாலுள்ள துளிகளில் பட்டு நம்மிடமே திரும்பி, படத்தில் வெள்ளைத் திரை போடும்.

இத்துளிகள் ஒளியைப் பெரும்பாலும் முன்னோக்கியே சிதறடிக்கின்றன. ஆகவே சூரியன் இருக்கும் திசையை நோக்கி எடுத்தால் மூடுபனி ஒளிரும். முதுகுப்புறம் சூரியன் இருந்தால் மந்தமாகத் தெரியும். சூரியனை ஒரு மரத்தின் பின்னால் மறைத்து எடுங்கள். நேரே உற்றுப் பார்க்காதீர்கள். தோட்டச் சாலைகள் குறுகலானவை என்பதால் சாலையோரத்தில் நின்று எடுப்பதையும் தவிர்க்கவும். உங்களுக்கு மரம் தெரியாத தொலைவில் ஓட்டுநருக்கு நீங்களும் தெரியமாட்டீர்கள்.

மலையிறங்கித் தாப்பா வந்ததும் கருவியை உடனே வெளியே எடுக்காதீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் அடிவாரத்தின் ஈரக்காற்று பட்டால் காலையில் பள்ளத்தாக்கில் நடந்தது அப்படியே வில்லையின்மேல் நடக்கும். அரை மணி நேரம் மூடிய பைக்குள்ளேயே இருக்கட்டும்.